நெனப்பு வராத ஒரு மணி நேரம்

பல்லு புடுங்குனதுக்கெல்லாம் ஒரு கதையான்னு கேப்பீங்க. நானும் அப்படிக் கேக்குற ஆளுதான். கப்பலூர்ல ரப்பர் வாசர் செய்யிற கம்பெனில இருபத்திரண்டு வருசமா சூப்பர்வைசரா இருக்கேன். எவனாவது பல்லுவலின்னு லீவு கேட்டு வந்து நின்னா, "ஏன்டா, பல்லை வச்சா மெசின் ஓட்டுற?"ன்னு வஞ்சு அனுப்புவேன். அப்படி வஞ்ச வாய்க்கு வந்த கதையைத்தான் சொல்லப் போறேன். வெறும் வலி மட்டும்னா இம்புட்டு எழுத மாட்டேன். அந்த ஊசியைப் பத்திச் சொல்லணும். அது ஒடம்புல என்ன பண்ணுது, அது போட்ட ஆளுகிட்ட வீட்டுல இருக்கவங்க எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாதுன்னு யாராவது எங்களுக்கு முன்னாடியே நல்லா ஒறைக்கிற மாதிரி சொல்லியிருக்கலாம். சொன்னாங்கதான். எங்களுக்குத்தான் ஒறைக்கல. சரி, வரிசையாச் சொல்றேன்.

சித்திரை மாசம் ஆரம்பிச்சது. இடது பக்கம் கீழ்த் தாடை, கடைசிப் பல்லுக்குப் பின்னால ஒரு கனம். வலிகூட இல்ல, கனம்தான். கிராம்பு வச்சேன், உப்புத் தண்ணி கொப்புளிச்சேன், மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டேன். ஒரு நா சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து கண்ணாடியப் பார்த்தா காது வரைக்கும் வீங்கிக் கெடக்கு. எம் பொண்டாட்டி ஜெயா பார்த்துட்டு, "ஏங்க, கன்னத்துல கொழுக்கட்டைய அதக்கி வச்ச மாதிரி இருக்கு. இதுக்கு மேலயும் வீம்பு பண்ணுனா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்"னு கத்துனா. அவங்கம்மா வீடு அடுத்த தெருதான். இருந்தாலும் பயந்துட்டேன்.

செல்லூர்ல எங்க தெருவுக்குப் பக்கத்துலயே பல்லு டாக்டர் இருக்காரு. அவரு வாய்க்குள்ள லைட் அடிச்சுப் பார்த்துட்டு, "அண்ணே, இது எங் கையில இல்ல. தாடை ஆப்பரேசன் பண்றவங்ககிட்டப் போங்க"ன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டாரு. அந்த ஆஸ்பத்திரி கே.கே. நகர்ல. எந்த ஏரியாப் பக்கம் ஏழு வருசமா தலை வச்சுப் படுக்காம இருந்தேனோ, அங்கதான் போகணும்னு எழுதியிருந்துச்சு.

ஏன்னு சொல்லிடுறேன். எங்க அண்ணே பாண்டி வீடு அங்கதான். ஆஸ்பத்திரில இருந்து ரெண்டு தெரு தள்ளி. என்னைவிட ஆறு வயசு மூப்பு. எங்க அப்பா சின்ன வயசுலயே போயிட்டாரு. என்னைப் பள்ளிக்கூடத்துல விட்டது, ஐ.டி.ஐ.ல சேத்து விட்டது, ஜெயாவைப் பார்த்துப் பேசி முடிச்சது எல்லாம் அவருதான். அந்த மனுசன் மக கல்யாணப் பத்திரிகைல என் பேரு இல்ல. 'தங்கள் நல்வரவை விரும்பும்'னு கீழ போடுவாங்கள்ல, அதுல மாமன் மச்சான், ஒன்னுவிட்ட பெரியப்பன் அம்புட்டுப் பேரும் இருந்துச்சு. கூடப் பொறந்தவன் பேரு மட்டும் இல்ல. "அச்சகத்துல விட்டுட்டாங்கடா, நானும் சரியாப் பார்க்கல"ன்னாரு. "எல்லாப் பேரும் கண்ணுல பட்டுச்சு, எம் பேரு மட்டும் படலையா?"ன்னு கேட்டேன். வேற பத்திரிகை அடிக்கிறேன்னாரு. வேணாம்னுட்டேன். கல்யாணத்துக்கும் போகல. சித்தப்பன் மேடையில இல்லாத கல்யாணம்னா எங்க ஆளுங்க சும்மா விடுவாங்களா? வந்தவங்க எல்லாம் தம்பி எங்க, தம்பி எங்கன்னு கேட்டுக் கொன்னுருக்காங்க. அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாருன்னு கேள்விப்பட்டப்ப எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. அப்படி ஒரு கிறுக்கன் நான்.

அந்த ஆஸ்பத்திரியில முதல்ல ஒரு எக்ஸ்ரே எடுத்தாங்க. நாடியை ஒரு தாங்கல்ல வச்சு நிக்கச் சொன்னாங்க. மெசின் தலையச் சுத்தி ஒரு ரவுண்டு வந்துச்சு. டாக்டரம்மா சின்ன வயசு, எனக்கு மக மாதிரி இருப்பாங்க. கம்ப்யூட்டர்ல படத்தைக் காமிச்சாங்க. "இந்தக் கடைசிப் பல்லு நேரா மொளைக்காம படுத்துக் கெடக்கு சார். அதைச் சுத்தி இந்தக் கறுப்பாத் தெரியுதே, அது நீர்க்கட்டி. மெதுவா எலும்பைக் கரைச்சிக்கிட்டு இருக்கு. இப்படியே விட்டா தாடை ஒடையக்கூடும். பல்லையும் கட்டியையும் சேத்து எடுத்துட்டு, கட்டியை டெஸ்டுக்கு அனுப்பணும்."

டெஸ்டுன்னு சொன்னதும் பாக்கு நெனப்புதான் வந்துச்சு. பதினஞ்சு வருசம் பாக்குப் பொட்டலம் போட்டவன் நான். விட்டு நாலு வருசம் ஆகுது, ஆனா போட்டதுக்கு வாய் கணக்கு வச்சிருக்குமே. "அந்த வியாதியா இருக்குமா?"ன்னு கேட்டேன். பேரச் சொல்ல வாய் வரல. "இருக்காதுன்னுதான் தோணுது சார், பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்"னாங்க. அந்த 'தான்' போதும், ராப்பகலா மனசைப் போட்டுக் கொடைய.

முதல் தடவை மரத்துப் போற ஊசி மட்டும் போட்டுச் செய்யலாம்னுதான் உக்கார வச்சாங்க. உக்காந்தேன். கண்ணாடிய வாயில விட்டதும் ஒமட்டிருச்சு. ஊசி நுனியப் பார்த்ததும் டாக்டரம்மா கையப் புடிச்சுத் தள்ளிட்டேன். சட்டை தொப்பல். பிரசர் நூத்தி எண்பதைத் தாண்டிருச்சுன்னு நர்சு சொன்னாங்க. ஐம்பது பேரை மெரட்டி வேலை வாங்குறவன், அங்க சேர்ல கையக் காலை ஒதறிக்கிட்டுக் கெடந்தேன். வெளிய உக்காந்திருந்த ஒரு சின்னப் புள்ளை என்னையப் பார்த்து அழ ஆரம்பிச்சிருச்சு. மானமே போச்சு.

அப்பத்தான் டாக்டரம்மா இந்த ஊசியைச் சொன்னாங்க. "நரம்பு வழியா அமைதிப்படுத்துற மருந்து குடுப்போம் சார். மிடாசோலாம்னு பேரு. முழு மயக்கம் இல்ல. கூப்பிட்டாக் கேக்கும், வாயத் தெறங்கன்னாத் தெறப்பீங்க. பயம், பதட்டம், கோவம் எதுவும் இருக்காது. கொழந்தை மாதிரி இருப்பீங்க. மயக்க டாக்டர் ஒருத்தர் பக்கத்துலயே நின்னு மூச்சு, பிரசர் எல்லாம் பார்த்துக்கிட்டே இருப்பாரு."

"கோவம்கூட இருக்காதா?"ன்னு ஜெயா கேட்டா. நான் அதைப் பெருசா எடுத்துக்கல. எல்லாரும் சிரிச்சோம்.

அதுக்கு முன்னாடி ரத்தம், சுகர், ஈ.சி.ஜி. எல்லாம் எடுத்தாங்க. குறட்டை விடுவாரான்னு கேட்டாங்க. "தெரு நாயெல்லாம் எந்திரிச்சுப் போயிரும்"னா ஜெயா. அதையும் எழுதிக்கிட்டாங்க. ஏன்னு கேட்டதுக்கு, இந்த மருந்து தொண்டைச் சதையைத் தளர விட்டுரும், குறட்டை விடுறவங்களுக்கு மூச்சு அடைக்கலாம், அதனால கூடுதலாக் கவனிக்கணும்னாங்க. ஒரு தாளு குடுத்தாங்க. ஆறு மணி நேரம் எதுவும் திங்கக் கூடாது. கூட ஒரு ஆள் வரணும். ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, கையெழுத்துப் போடக் கூடாது, முக்கியமான முடிவு எதுவும் எடுக்கக் கூடாது. ஜெயா அதை மடிச்சுப் பர்சுல வச்சுக்கிட்டா.

முதல் நாள் சாயங்காலம் நான் அவகிட்டச் சொன்னேன். "இந்தா பாரு, எனக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆனாலும் கே.கே. நகருக்குச் சொல்லாத. அந்த ஆளு வந்து எந் தலைமாட்டுல நிக்கக் கூடாது." அவ கொடியில கெடந்த துணிய எடுத்துக்கிட்டிருந்தா.

காலைல எட்டு மணிக்குப் போயாச்சு. பச்சைச் சட்டை மாட்டிச் சேர்ல சாய வச்சாங்க. வெரல்ல ஒரு கிளிப்பு மாட்டுனாங்க. ரத்தத்துல காத்து எம்புட்டு இருக்குன்னு அது காட்டுமாம். ஒரு கையில பிரசர் பட்டை, மூக்குல ஆக்சிஜன் குழாய். இன்னொரு கையில ஊசி குத்தி டேப்பு ஒட்டுனாங்க. மருந்து ஏறும்போது முழங்கை வரைக்கும் ஒரு கதகதப்பு. அப்பறம் நாக்கு கனத்துச்சு. மேல இருக்க லைட்டு ரெண்டா ஆச்சு. நெஞ்சுல உக்காந்திருந்த பாறாங்கல்லை யாரோ அலுங்காம எடுத்து வெளிய வச்ச மாதிரி இருந்துச்சு. அம்மாடி, ஒரு மாசத்துல அன்னைக்குத்தான் நல்லா மூச்சு விட்டேன். "எந்தத் தெரு சார் நீங்க?"ன்னு மயக்க டாக்டர் கேட்டாரு. "செல்லூரு..."ன்னு ஆரம்பிச்சேன்.

அடுத்து எனக்குத் தெரியிறது ஆட்டோ. மேம்பாலத்து மேல போய்க்கிட்டிருக்கு, வாயில பஞ்சு, மடியில துண்டு, பக்கத்துல ஜெயா. மணி மதியம் ரெண்டு.

நடுவுல உள்ள நேரம் எங்க போச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. தூங்கி எந்திரிச்சாக்கூட தூங்குனோம்னு ஒரு ரோசனை இருக்கும். இதுல அதுவும் இல்ல. செல்லூருன்னு சொன்ன வாயி மூடுறதுக்குள்ள பாலத்துல இருக்கேன்.

ஒரு வாரத்துக்கு ஒடம்பு பட்ட பாட்டையும் சொல்லிடுறேன், யாருக்காவது ஒதவும். அன்னைக்குப் பூரா காலு ரெண்டும் என்னோடது இல்ல. கக்கூசுக்குப் போகக்கூட ஜெயா தோளைப் புடிச்சுத்தான் போனேன். கண்ணு தெரியும், ஆனா பார்த்த எடத்துல நிக்காது. விக்கல் வந்து வந்து போச்சு. நாக்கு காஞ்சு அட்டை மாதிரி ஒட்டிக்கிச்சு. டி.வி. போட்டா பாதியில தூக்கம். எழுப்பி, மாத்திரை போட்டீங்களான்னு கேட்டா போடலம்பேன். போட்டிருப்பேன். மறுநா ஊசி குத்துன கையில நரம்போட கன்னிப் போய் ஊதா நெறம். கீழ் ஒதட்டுல இடது பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு மரத்துப் போனது இன்னைக்கும் முழுசா விடல. காப்பி குடிச்சா அந்தப் பக்கமா வழியும். ஜெயா கேலி பண்ணாம முந்தானையால தொடச்சு விடுவா. நாலு நாளைக்குக் கேப்பக்கூழும் மோரும்தான். அம்புட்டையும் மிக்சில போட்டு, ஆத்தி, வடிகட்டி, ஸ்பூன் ஸ்பூனாக் குடுத்தா. இந்தப் பாவியக் கட்டிக்கிட்டு அவ பட்டது கொஞ்சமா நஞ்சமா.

மூணாம் நா காலைல பத்து மணி இருக்கும். வாசல்ல ஸ்கூட்டர் சத்தம். செருப்பக் கழட்டுற சத்தம். கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தேன். நிமிந்து பார்த்தா எங்க அண்ணே. கூப்புடல, கதவைத் தட்டல. ஏழு வருசத்துக்கு முன்னாடி எப்படி வருவாரோ அப்படி வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நேரா உள்ள வாராரு. கையில செய்தித்தாள்ல சுத்துன ஐஸ்கிரீம் டப்பா. வர்ற வழியிலயே உருகி, பேப்பர் நனைஞ்சு சொட்டுது. பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு எம் பக்கத்துல உக்காந்து, "என்னடா சேகரு, அன்னைக்கு இம்புட்டு வீக்கம் இல்லையே"ன்னாரு.

எனக்கு எங்க இருந்து அம்புட்டு வெறி வந்துச்சோ. "யாரைக் கேட்டு உள்ள வந்த?"ன்னேன்.

அவரு சிரிச்சாரு. வெளையாடுறேன்னு நெனச்சிருக்காரு. "என்னடா, அன்னைக்கு நல்லாத்தான பேசுன?"

"என்னைக்கு? நான் எப்ப ஒங்கூடப் பேசுனேன்? சாகக் கெடக்கானா இல்லையான்னு பார்க்க வந்தியா? நான் செத்தாக்கூட இந்த வாசப்படிய மிதிக்காத."

வாயில வீக்கம், பாதி வார்த்தை கொழகொழன்னுதான் வந்துச்சு. ஆனா அவருக்கு எல்லாம் வெளங்கிருச்சுன்னு மொகத்துல தெரிஞ்சுச்சு. என்னைப் பார்த்தாரு. அடுப்படி வாசல்ல கரண்டியோட நின்ன ஜெயாவைப் பார்த்தாரு. அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. அப்பறம் டப்பாவை டி.வி. ஸ்டாண்டு மேல வச்சாரு. "சரிடா, ஒடம்பைப் பாரு. ஏம்மா ஜெயா, வாரேன்"னு எந்திரிச்சுப் போயிட்டாரு. ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாம நாலஞ்சு தடவை ஒதைச்சது கேட்டுச்சு.

ஜெயா தரையில உக்காந்து அழுதா. அழுதுக்கிட்டேதான் சொன்னா.

ஆப்பரேசன் முடிஞ்சு என்னைய வேற ரூமுக்குக் கொண்டு வந்து படுக்க வச்சப்ப மணி பதினொன்னாம். நான் கண்ணைத் தெறந்து அவளைப் பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கேன். கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கேன். ஒடனே இவ எங்க அண்ணனுக்குப் போனப் போட்டிருக்கா. அவரு அஞ்சு நிமிசத்துல வந்து நின்னிருக்காரு.

"கோவம் இருக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கள்ல. அப்பவே எனக்கு மனசுல பட்டுருச்சு. இதை விட்டா ஒங்களுக்குக் கோவம் இல்லாத நாளு இந்த ஜென்மத்துல கெடைக்குமான்னு நெனச்சேன். பெரியத்தான் உள்ள வந்ததும் நீங்க வஞ்சு வெரட்டலைங்க. கையப் புடிச்சு உக்கார வச்சீங்க. அண்ணன் தம்பி பேசட்டும்னு நான் வெளிய வந்துட்டேன். மருந்து வாங்கிட்டு வந்தும் உள்ள போகல, பெஞ்சுலயே உக்காந்திருந்தேன். கண்ணாடி வழியாப் பார்த்தேன். நீங்க சிரிக்கிறீங்க, அழுகுறீங்க. அவரு ஒங்க தலையத் தடவிக்கிட்டே இருக்காரு. ஒரு மணி நேரம். நான் அங்கயே எல்லாச் சாமியையும் கும்புட்டேன்."

"அந்தத் தாள்ல முக்கியமான முடிவு எடுக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சேடி!"

"சமாதானமாப் போறது ஒரு முடிவாங்க? சொத்தா எழுதிக் குடுத்தீங்க?"

"சரி, வந்து ரெண்டு நாளாச்சே, ஏன் சொல்லல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். அண்ணே வந்துச்சுல்லன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களான்னு மொகத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். நெனப்பே இல்லைன்னு தெரிஞ்சதும் பயமாப் போச்சு. இன்னைக்கு அவரு வருவாருன்னு நான் கண்டேனா?"

அவளை நான் வஞ்ச வசவை இங்க எழுத முடியாது. நான் அறிவுகெட்டுக் கெடந்த நேரத்துல என்னையக் காட்டிக் குடுத்துட்டன்னேன். ரெண்டு நா பேசல. ஆனா உள்ளுக்குள்ள வேற ஒன்னு கொடைஞ்சுச்சு. நான் சிரிச்சேங்கிறா, அழுதேங்கிறா. என்னத்தைச் சொல்லி அழுதேன்? அவரு என்னத்தைச் சொல்லி என் தலையத் தடவுனாரு? பத்திரிகையைப் பத்திப் பேசுனோமா? அச்சகம் விட்டதா, இவரே விட்டதா, அன்னைக்காவது உண்மையச் சொன்னாரா? நான் மன்னிச்சேனா? கண்ண மூடி மூடிப் பார்த்தேன். செல்லூரு, பாலம். செல்லூரு, பாலம். நடுவுல ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்ல.

ஏழாம் நாள் தையல் பிரிக்கப் போனோம். கட்டி டெஸ்டு ரிசல்ட்டும் வந்திருந்துச்சு. வெறும் நீர்க்கட்டிதான், வேற ஒன்னும் இல்லைன்னாங்க. ஜெயா அங்கயே டாக்டரம்மா கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. நான் என்னடான்னா அந்தச் சந்தோசத்தைக்கூட முழுசாப் படாம, "அந்த ஊசி போட்ட நேரத்துல பேசுனது பின்னாடி நெனப்பு வருமா டாக்டர்?"னு கேட்டேன்.

"வராது சார். அந்த மருந்து பயத்தை மட்டும் எடுக்குறதில்ல, நடக்குறதை மனசுல பதியவும் விடாது. பேசுவீங்க, சிரிப்பீங்க, பார்க்கிறவங்களுக்கு நல்லாத் தெளிஞ்ச மாதிரிதான் தெரியும். ஆனா ஒன்னும் உள்ள தங்காது. சிலருக்குக் கொஞ்சம் நெனப்பு இருக்கும். உங்களுக்குக் கட்டி பெருசு, நேரம் இழுத்துருச்சு, மூணு தடவை மருந்து ஏத்துனோம். நடுவுல ஒரு தடவை ஆக்சிஜன் எண்பத்தெட்டுக்கு எறங்கி, தாடையத் தூக்கிப் புடிச்சு, மூச்சு விடுங்க மூச்சு விடுங்கன்னு கத்துனோம். அதுவே உங்களுக்குத் தெரியாதே."

"கொஞ்ச நா போனாலும் வராதா? மறந்ததெல்லாம் திடீர்னு வரும்ல?"

"மறந்து போயிருந்தா வரும் சார். இது பதியவே இல்ல. இல்லாததை எங்க போய்த் தேடுறது?"

அப்ப அந்த ஒரு மணி நேரம் ஒரே ஒரு ஆளுகிட்டத்தான் இருக்கு. ரெண்டு தெரு தள்ளி. அன்னைக்கு அங்கதான் நின்னேன், நடந்தாக்கூட அஞ்சு நிமிசம். ஜெயா, "ஒரு எட்டு போயிட்டு வந்துருவோமா?"ன்னு கேட்டா. எனக்கும் போகணும்னுதான் இருந்துச்சு. நெசமாச் சொல்றேன், அன்னைக்கு எனக்குக் கோவமே இல்ல, வெக்கம்தான். அம்புட்டுப் பேச்சுப் பேசிட்டு இந்த வீங்குன மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்படிப் போய் நிக்கிறது? "வீக்கம் வத்தட்டும். ஞாயித்துக்கெழமை சவரம் பண்ணிட்டு, பழம் கிழம் வாங்கிட்டுப் போவோம்"னேன். போன்லயாவது பேசுங்களேன்னா. நேர்ல பேசிக்கிறேன்னுட்டேன்.

சனிக்கெழமை காலைல ஏழரைக்கு அண்ணே வீட்டுல இருந்து மதினி போன் பண்ணுச்சு. பேச்சு வரல, மூச்சு மட்டும் வந்துச்சு. அப்பறம், "தம்பி... ஒங்க அண்ணே..."ன்னுச்சு. குளிச்சுட்டு வந்து சட்டை மாட்டிக்கிட்டு இருந்திருக்காரு. நெஞ்சு கரிக்குதுன்னு சொல்லிக் கட்டில்ல உக்காந்திருக்காரு. ஆட்டோ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

போனேன். எல்லாரும் வழி விட்டாங்க. ஏழு வருசம் கழிச்சு அந்த வீட்டுக்குள்ள போறேன், ஐஸ் பெட்டி மேல விழுந்து கத்துறேன். அண்ணே, எந்திரிண்ணே, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போண்ணேன்னு கத்துனேன். தோள் குடுத்தேன். கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருந்துச்சு. போங்கய்யா, அந்தத் தாடை ஒடைஞ்சா ஒடையட்டும்னு தூக்குனேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் கெளம்புன பிறகு, மறுநா மத்தியானம் நானும் ஜெயாவும் மதினியப் பார்க்கப் போனோம். ஜெயா உள்ள பாத்திரம் ஒதுங்க வச்சுக்கிட்டிருந்தா. நான் மதினி முன்னாடி தரையில உக்காந்தேன். இதை எப்படிக் கேக்குறதுன்னு பதினாறு நாளாத் தெரியாமக் கெடந்தேன். கேட்டுட்டேன்.

"மதினி, அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனாரே, நான் பேசுனதைச் சொன்னாரா?"

"ஐஸ்கிரீம் குடுக்க வந்தப்பவா? சொன்னாரே. வீக்கம் கூடியிருக்கு, பாவம், பேச முடியல, சைகைலதான் பேசுனான்னாரு. ஏன் தம்பி?"

தாலி கட்டுன பொண்டாட்டிகிட்டக்கூட என்னைய விட்டுக் குடுக்கல அந்த மனுசன். நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். செத்தாக்கூட வராதன்னு சொன்னது வரைக்கும் சொன்னேன். மதினி திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"அப்ப ஆஸ்பத்திரில பேசுனது?"

"அது ஒன்னுமே எனக்கு நெனப்பில்ல மதினி. அந்த மருந்து அப்படி. அன்னைக்கு நாங்க என்னதான் பேசுனோம்? ஒங்ககிட்டச் சொல்லியிருப்பாருல்ல. ஒரு வார்த்தை விடாமச் சொல்லுங்க."

"எங்க தம்பி அவரைப் பேச விட்டீங்க?" மதினி கண்ணைத் தொடைச்சுக்கிட்டே சிரிக்கப் பார்த்துச்சு. "பத்திரிகை விசயத்தை மனசு விட்டுச் சொல்லிரணும்னுதான் ஓடுனாரு. ரெண்டு வார்த்தை ஆரம்பிச்சா, நீங்க அப்பத்தான் அவரைப் பார்க்கிற மாதிரி, 'அண்ணே, எப்பண்ணே வந்த?'ம்பீங்களாம். இவரு 'இப்பத்தான்டா வந்தேன்'ம்பாராம். ஒடனே மொகமெல்லாம் சிரிச்சு கையப் புடிச்சுக்குவீங்களாம், கண்ணுல தண்ணியா வருமாம். கொஞ்ச நேரங்கழிச்சு மறுபடியும் 'எப்பண்ணே வந்த?' இவரும் மறுபடியும் 'இப்பத்தான்டா வந்தேன்'. ஒரு மணி நேரமும் இதேதானாம். வேற ஒன்னும் பேசலையாம். வீட்டுக்கு வந்து சட்டையக்கூடக் கழட்டாம இந்தா, நீங்க உக்காந்திருக்க எடத்துலதான் உக்காந்தாரு. 'ஏழு வருசமா எம் மொகத்தைப் பாக்காதவன், இன்னைக்குப் பத்து இருவது தடவை என்னையப் புதுசாப் பார்த்துச் சந்தோசப்பட்டான்டி'ன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு."

ஜெயா பாத்திரத்தைக் கையில வச்சுக்கிட்டு அடுப்படி வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. பத்திரிகையைப் பத்தி மதினிகிட்டக் கேட்டிருக்கலாம், அதுக்கு எல்லாம் தெரியும். கேக்கத் தோணல.

பத்து இருவது தடவை. அதுல ஒரு தடவைகூட எங்கிட்ட இல்ல.